எங்களைச் சகித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் உரிமையைக் கொடுங்கள்!



பினாங்குக்கு வெளிநாட்டு விருந்தினர் யார் வந்தாலும் நம் அரசியல் தலைவர்கள் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. பழைய பெயர் பிட் ஸ்திரீட். ஒரு முனையில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்து, 1800-ஐ ஒட்டி எழுந்த சீனர்களின் குவான் யின் கோயில். ஒரு தெரு தள்ளி, குயின் ஸ்திரீட்டில் நம் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். அதற்கு அப்பால் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இவை எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. சுற்றுலாக் கையேடுகள் இதற்கு 'நல்லிணக்கச் சாலை' என்று பெயர் வைத்துவிட்டன. 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோதும் பேசப்பட்ட பெருமை இதுதான்.

இந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. அது நம் முன்னோர்களும் சேர்ந்து கட்டிய பெருமை. ஆனால் இந்தச் சாலையைக் காட்டி நமக்கு ஒரு பாடம் நடத்துகிறார்களே, அதைத்தான் மறுக்கிறோம். "பாருங்கள், இது சகிப்புத்தன்மை உள்ள நகரம். எல்லாரும் விட்டுக்கொடுத்து வாழ்கிறோம். நீங்களும் பழைய கதையைக் கிளறாமல் விட்டுக்கொடுங்கள்" என்பதே அந்தப் பாடம்.

வாசகர்களே, சகிப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். பல்வலியைச் சகித்துக்கொள்கிறோம். மாடிவீட்டுக்காரர் போடும் சத்தத்தைச் சகித்துக்கொள்கிறோம். நமக்குப் பிடிக்காத ஒன்றைப் பொறுத்துப் போவதற்குப் பெயர்தான் சகிப்பு. அப்படியானால் பொறுமை யார் கையில் இருக்கிறது? சகிப்பவர் கையில். அந்தப் பொறுமை ஒரு நாள் தீர்ந்துபோனால் சகிக்கப்பட்டவன் எங்கே போய் நிற்பது? இந்தக் கேள்விக்கு விடை அந்தச் சாலையின் வரலாற்றிலேயே இருக்கிறது. அந்த விடையை மட்டும் நமக்கு யாரும் சொல்வதில்லை.

பத்திரத்தில் நிற்கும் நல்லிணக்கம்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழ் முஸ்லிம்களும் தமிழ் இந்துக்களும் இங்கே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கப்பித்தான், அதாவது தலைவர். தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் காதர் மொய்தீன். அவர் சமூகத்துக்கு 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்காக எழுதிக் கொடுத்தது. அதே 1801-இல் தமிழ் இந்துக்களின் கப்பித்தானாக இருந்த பெட்டி லிங்கம் செட்டிக்கு மாரியம்மன் ஆலயத்துக்கான இடம் வழங்கப்பட்டது. அங்கே 1833-இல் ஆலயம் பெரிதாக எழுந்தது.

கவனியுங்கள். ஒரே ஆண்டு, ஒரே கம்பெனி, இரண்டு சமூகம், இரண்டு நில ஒதுக்கீடு. இந்த இரண்டு வழிபாட்டுத் தலங்களும் இருநூறு ஆண்டுகளாக அருகருகே நிற்பதற்கு முதல் காரணம் அக்கம்பக்கத்தாரின் புன்னகை அன்று. நிலத்துக்கு எழுத்து இருந்தது. எழுத்து இருந்ததால் யாரும் யாரையும் 'நகர்ந்து போ' என்று சொல்ல முடியவில்லை. நகரச் சொல்ல முடியாத இரண்டு பேர் அக்கம்பக்கமாக இருந்தால் நாளடைவில் நட்பு தானாக வளரும். கல்யாணத்துக்கு அழைப்பார்கள், கடைக்குக் கடன் கொடுப்பார்கள், தைப்பூச ரதம் வரும்போது சீனர்கள் தேங்காய் உடைப்பார்கள்.

1807-இல் பினாங்குக்கு வழங்கப்பட்ட நீதிச் சாசனமும் இதே வழியில்தான் போனது. ஆங்கிலச் சட்டத்தை இங்கே கொண்டுவந்த அந்தச் சாசனம், இங்கு வாழும் மக்களின் மதங்களையும் பழக்கவழக்கங்களையும் கருத்தில் கொண்டே நீதி வழங்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு வரம்பு வைத்தது. காலனி ஆட்சிக்காரன் நம்மேல் பாசம் கொண்டு இதைச் செய்யவில்லை. துறைமுகம் நடக்க வேண்டும், வியாபாரம் ஓட வேண்டும். அவனுக்குத் தேவை இருந்தது, ஆகவே எழுதிக் கொடுத்தான். அந்நியனே எழுத்தில் கொடுத்ததைச் சுதந்திர நாட்டு அரசாங்கம் வாய்மொழியாக மாற்றப் பார்க்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

இனமும் மதமும் வேறாக இருந்தால் அடிதடி இயற்கை என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கும் இந்தத் தெருவே பதில் சொல்லும். 1867 ஆகஸ்டில் பினாங்கில் சுமார் பத்து நாள் பெருங்கலகம் நடந்தது. இந்தச் சாலையை ஒட்டிய கேனன் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அன்று வெடித்த பீரங்கியால்தான் என்பார்கள். அணி எப்படிப் பிரிந்தது தெரியுமா? ஒரு பக்கம் சீனர்களின் கீ ஹின் சங்கமும் முஸ்லிம்களின் வெள்ளைக் கொடிச் சங்கமும். மறுபக்கம் சீனர்களின் தோ பெ கோங் சங்கமும் முஸ்லிம்களின் சிவப்புக் கொடிச் சங்கமும். சீனரும் முஸ்லிம்களும் இரண்டு அணியிலும் இருந்தார்கள். ஆதிக்கத்துக்கும் பணத்துக்கும் நடந்த சண்டை அது. அதன் பிறகு விசாரணை ஆணையம் உட்கார்ந்தது, சங்கங்களைக் கட்டுப்படுத்த 1869-இல் சட்டம் வந்தது. கலகம் செய்தவன் மேல் சட்டம் பாய்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

1998: அதே நகரம், வேறு நியாயம்

நல்லிணக்கச் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், அதே ஜார்ஜ் டவுனில், கம்போங் ராவா இருக்கிறது. அங்கேயும் ஒரு பள்ளிவாசல், பக்கத்தில் ஒரு கோயில். 1998 மார்ச் மாதம், கோயில் மணிச் சத்தம் தொழுகைக்கு இடைஞ்சல் என்ற தகராறு மோதலாக வெடித்தது. கலகத் தடுப்புப் போலீசார் இறங்கினார்கள். கைதுகள் நடந்தன. கூட்டரசுத் தலைவர்கள் ஓடி வந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. முடிவு? கோயில் இடம் மாறியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிட் ஸ்திரீட்டிலும் பள்ளிவாசல், அருகே கோயில். கம்போங் ராவாவிலும் அதேதான். நகரம் ஒன்று, மக்கள் ஒன்று, மதங்கள் ஒன்று. அங்கே 1801-இன் எழுத்து நின்றது. இங்கே எழுத்து இல்லை, சகிப்பு மட்டுமே இருந்தது. சகிப்பு தீர்ந்ததும் சிறியவன் மூட்டை கட்டினான். சுற்றுலாக் கையேட்டில் கம்போங் ராவா இல்லை. இருக்கவும் இருக்காது.

அன்று மோதலைத் தவிர்க்க வேண்டும் என்று பாடுபட்டவர்களின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஓர் உயிரும் போகக்கூடாது என்று நினைத்தது சரியே. ஆனால் அதன் வழியாக நாட்டுக்கு என்ன பாடம் போனது? கோபப்பட்டுக் கூட்டம் கூட்டினால் பக்கத்திலிருக்கும் கோயிலை நகர்த்தலாம் என்ற பாடம் போனது. பொது அமைதி என்பது பலவீனமானவனை அப்புறப்படுத்துவதால் கிடைக்கும் அமைதி என்றாகிவிட்டது.

பொது ஒழுங்கு யாருக்காக?

சட்டம் படித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 3-ஆவது விதி, இஸ்லாம் கூட்டரசின் மதம் என்று சொல்லும் அதே வாக்கியத்தில் பிற மதங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்கிறது. 8-ஆவது விதி எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 11-ஆவது விதியின் 3-ஆவது பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமயக் காரியங்களைத் தானே நிர்வகிக்கவும் சொத்து வாங்கி வைத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. அதே 11-இன் 5-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய பொதுவான சட்டங்களை மீறும் செயலுக்கு இந்த உரிமை இடம் தராது என்கிறது.

நம்மிடம் எப்போதும் நீட்டப்படுவது அந்த 5-ஆவது பிரிவுதான். "பொது ஒழுங்குக்குப் பங்கம் வரும், ஆகவே நகருங்கள்" என்பார்கள். நன்றாகப் படியுங்கள். வழிபடுகிறவன் சட்டத்தை மீறக்கூடாது என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவனுக்குக் கோபம் வந்தால் வழிபடுகிறவனின் உரிமை பறிபோகும் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது?

இங்கிலாந்தில் 1882-இல் தீர்ந்த ஒரு வழக்கு உண்டு. பீட்டி எதிர் கில்பேங்க்ஸ். வெஸ்டன் சூப்பர் மேர் என்ற கடற்கரை ஊரில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்துவ அமைப்பினர் ஊர்வலம் போனார்கள். அவர்களைப் பிடிக்காத ஒரு கும்பல் ஒவ்வொரு முறையும் வந்து அடிதடியில் இறங்கியது. கீழ் நீதிமன்றம் என்ன செய்தது? அடித்தவனை விட்டுவிட்டு, ஊர்வலம் போனவர்களிடம் அமைதி காப்போம் என்று பிணை கேட்டது. மேல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி நடக்கும் ஒருவரின் செயல், அதைப் பிடிக்காத இன்னொருவன் வன்முறையில் இறங்குவான் என்பதனால் சட்டவிரோதமாகிவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பிற்காலத் தீர்ப்புகள் சில போலீசுக்குக் கூடுதல் இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அடிப்படைக் கேள்வி மாறவில்லை. மிரட்டுகிறவனை நிறுத்துவதா, மிரட்டப்படுகிறவனை நகர்த்துவதா?

நம் நாட்டில் இதற்குக் கிடைத்த பதிலை 2009-இல் பார்த்தோம். ஷா ஆலம் 23-ஆம் பிரிவுக்கு ஓர் இந்துக் கோயிலை மாற்றும் திட்டத்தை எதிர்த்து, ஆகஸ்டு 28 அன்று ஒரு கூட்டம் வெட்டப்பட்ட மாட்டுத் தலையை ஏந்தி மாநில அரசுத் தலைமையகம் வரை நடந்து போனது. வழியில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. சில நாட்களில் உள்துறை அமைச்சர் அவர்களைச் சந்தித்துப் பேசினார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்த பிறகே வழக்கு வந்தது. அதே செப்டம்பரில் அந்த அவமதிப்பைக் கண்டித்துக் கோலாலம்பூரில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்களைப் போலீஸ் வந்த வேகத்தில் கைது செய்தது. மாட்டுத் தலைக்குப் பேச்சுவார்த்தை, மெழுகுவர்த்திக்கு விலங்கு. 1967-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம், சட்டம் ஒழுங்கையும் அமைதியையும் பாதுகாப்பையும் காப்பது போலீசின் வேலை என்கிறது. யாருடைய பாதுகாப்பு என்று அதில் இனம் போட்டு எழுதவில்லை.

2001 மார்ச்சில் கம்போங் மேடான் கொலைகளில் ஆறு உயிர்கள் போயின. பலியானவர்களும் காயம்பட்டவர்களும் பெரும்பாலும் நம் இந்தியர்கள். பகிரங்க விசாரணை கேட்டோம், கிடைக்கவில்லை. அந்தக் கொடுமையைப் பற்றி வழக்கறிஞர் கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' நூலை அரசாங்கம் தடை செய்தது. விசாரணையும் கிடையாது, புத்தகமும் கூடாது. 1867-இல் அந்நியன்கூட விசாரணை ஆணையம் வைத்தான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் ஆலயத்துக்குள் அதிகாலையில் ஒரு கும்பல் புகுந்தது. அடுத்த இரவு நடந்த கலவரத்தில் காயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17-இல் இறந்தார். ஆபத்தில் உதவ வந்த ஒரு பொதுச் சேவகரின் உயிர் அது. அவருக்கு நீதி கேட்பதும் நம் கடமை. கோயிலைக் காக்கிறோம் என்று வாகனங்களுக்குத் தீ வைப்பவன் நம் வழக்கைத்தான் எரிக்கிறான். பொதுப் பாதுகாப்பு என்றால் அதில் அடிப்பின் உயிரும் உண்டு, கோயிலில் தூங்கிக்கொண்டிருந்த பக்தனின் உயிரும் உண்டு.

"ஐம்பது மீட்டர்தானே?"

இப்போது முறை மாறியிருக்கிறது. கும்பலும் கல்லும் தேவையில்லை. கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நூறாண்டுக்கும் மேற்பட்ட தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற மண்ணை 2014-இல் மாநகராட்சி ஒரு துணி வணிக நிறுவனத்துக்கு விற்றது. 2025 மார்ச்சில் அங்கே பள்ளிவாசல் கட்டும் திட்டம் வெளியே வந்து நாடே பேசியது. முடிவில் ஆலயத்துக்குச் சுமார் 50 மீட்டர் தூரத்தில் மாற்று இடம் என்று அறிவிக்கப்பட்டது. மார்ச் 27 அன்று பிரதமரே பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார்.

"ஐம்பது மீட்டர்தானே, இதுவும் பெரிதா?" என்று கேட்டவர்கள் நம்மிடையேயும் உண்டு. இடிக்காமல் பேசித் தீர்த்தது 2007 அக்டோபர் 30-இல் பாடாங் ஜாவா ஆலயத்தை இடித்ததைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கேள்வி தூரத்தைப் பற்றியது அன்று. நூறாண்டுக் கோயில் நிற்கும் மண்ணை, கோயில் அங்கே இல்லாதது போல விற்க முடிந்தது எப்படி? ஐம்பது மீட்டர் நகர்ந்தவன் நாளை ஐந்நூறு மீட்டர் நகரமாட்டான் என்பதற்கு எழுத்து எங்கே?

"பட்டா இல்லாத கோயில், சட்டவிரோதக் கோயில்" என்கிறார்கள். பட்டா ஏன் இல்லை? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவனும், ரயில் தண்டவாளம் போட்டவனும், நகராட்சியில் சாக்கடை அள்ளியவனும் தான் வாழ்ந்த லயத்துப் பக்கத்தில் கோயில் கட்டினான். நிலம் துரையுடையது, அல்லது அரசாங்கத்துடையது. கூலிக்காரனுக்கு யார் பட்டா கொடுத்தார்கள்? கப்பித்தான்களும் செட்டியார்களும் கேட்டு வாங்கினார்கள். கூலிக்காரன் கேட்கவும் தெரியாமல், கொடுக்கவும் ஆளில்லாமல் கும்பிட்டுக் கொண்டிருந்தான். அன்று கொடுக்காதவனே இன்று வந்து "ஏன் இல்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

கட்டடம் இருந்தால் போதாது, மக்களும் இருக்க வேண்டும். 1999 டிசம்பர் 31-உடன் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தபோது ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் வெளியேறின. 2009 செப்டம்பரில் புக்கிட் குளுகோர் பக்கம் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்போங் புவா பாலா இடித்துத் தள்ளப்பட்டது. நீதிமன்றத்தில் தோற்றார்கள், காரணம் அதே காரணம்: நிலத்துக்கு எழுத்து இல்லை. பழைய மாநில அரசும் புதிய மாநில அரசும் ஒருவரை ஒருவர் கைகாட்டின. உலகப் பாரம்பரியம் என்று பட்டம் வாங்கி ஓராண்டு கடந்த நேரம் அது. குடிகளை அனுப்பிவிட்டு கோபுரத்தை மட்டும் படம் பிடிப்பதற்குப் பெயர் அரவணைப்பா?

நாம் கேட்பது

நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்களுக்கும் இது சேர்த்தே எழுதப்படுகிறது. அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்தவர் உங்கள் கப்பித்தான், நம் மொழி பேசியவர். 'கெலிங்' என்ற சொல் அன்று தென்னிந்தியன் என்று குறித்தது. இன்று பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளையை இழிவு செய்ய அதே சொல்லை வீசுகிறார்கள். பலகையில் மரியாதை, பள்ளியில் வசவு. வீசுகிறவன் நீ முஸ்லிமா இந்துவா என்று கேட்டுவிட்டு வீசுவதில்லை. ஆகவே இது ஒரு மதத்துக்கு எதிராக இன்னொரு மதம் எழுப்பும் கோரிக்கை அன்று.

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது என்று அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை சொல்கிறது. எனவே பினாங்கு மாநில அரசு புத்ராஜெயாவைக் கைகாட்ட முடியாது. நாம் கேட்பது இவைதாம்:

1. மாநிலத்தில் அரசு நிலத்தில் நிற்கும் பழைய வழிபாட்டுத் தலங்கள் அனைத்தையும் கணக்கெடுத்து, நிலப் பட்டா வழங்க வேண்டும், அல்லது நிலச் சட்டத்தின்கீழ் வழிபாட்டு ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்க வேண்டும். எந்த மதமானாலும் ஒரே அளவுகோல்.

2. வழிபாட்டுத் தலம் நிற்கும் நிலத்தை விற்பதற்கு முன் அதன் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் அறிவித்து, அவர்கள் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும்.

3. மிரட்டல் இருக்கும்போது இடமாற்றப் பேச்சு கூடாது. முதலில் மிரட்டலை நிறுத்துங்கள். பிறகு பேசுவோம். மாற்று இடம் என்றால் பட்டா முதலில், பெயர்ப்பு பிறகு.

4. மிரட்டப்படும் தரப்பைக் காப்பதே முதல் கடமை என்று போலீசுக்கு எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். 2023 ஜூலை 1 முதல் செயல்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் பரிந்துரை செய்வதோடு நின்றுவிடுகிறது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள ஆணையமாக அதை மாற்ற வேண்டும்.

வாசகர்களே, அரசு தரும் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர்க் கோயிலின் நிலம் யார் பெயரில் இருக்கிறது? இன்றே நில அலுவலகத்தில் தேடல் விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். பழைய தோட்ட நிர்வாகக் கடிதம், மின்சாரக் கட்டண ரசீது, திருவிழா அனுமதிக் கடிதம், பழைய புகைப்படம், எதையும் தூக்கி எறியாதீர்கள். நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். மிரட்டல் வந்தால் வாயால் சொல்லிவிட்டு வராமல் போலீஸ் புகார் செய்து நகல் வாங்குங்கள். தேர்தலுக்கு முந்திய வாரம் மாலை வாங்க வரும் சட்டமன்ற உறுப்பினரிடம் மானியக் காசோலை கேட்காதீர்கள், பட்டா கேளுங்கள். காசோலை ஒரு திருவிழாவோடு தீர்ந்துபோகும்.

1801-இல் பெட்டி லிங்கம் செட்டியும் காதர் மொய்தீனும் கேட்டது சகிப்பு அன்று, நிலம். வாங்கினார்கள், இருநூறு ஆண்டு நின்றார்கள். அவர்கள் கேட்டதைத்தான் நாமும் கேட்கிறோம்.

உரிமைக்குக் குரல் கொடுப்போம்! போராட்டம் தொடரும்!